புதுப்பிப்பு: கோட்டபாக்ஸி போயிட்டு வந்தாச்சு

ஈக்வடார்ல இருக்கிற கோட்டபாக்ஸி எரிமலைக்கு வழிகாட்டியோட போனா மூச்சு முட்டுமான்னு இங்க கேட்டிருந்தேன். "தலைநகர் கீட்டோல (Quito) சில நாள் தங்கி உடம்பைப் பழக்கிட்டுப் போ"ன்னு சொன்னவங்களுக்குக் கோடி நன்றி. கீட்டோவே 2,850 மீட்டர், அங்க மாடிப்படி ஏறினாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுது.

வண்டி சுமார் 4,600 மீட்டர் வரைக்கும் போகும். அங்கிருந்து 4,864 மீட்டர்ல இருக்கிற ஹோசே ரிவாஸ் தங்குமிடத்துக்கு நடக்கணும். தூரம் கொஞ்சம்தான். ஆனா காலடியில முழுக்க எரிமலைச் சாம்பல் மணல். ஒரு அடி வெச்சா அரை அடி பின்னால சறுக்குது. காத்து வேற மணலை வாரி முகத்துல அடிக்குது. ஒவ்வொரு வளைவுலயும் நின்னு நின்னுதான் ஏறினேன். மேல குடிச்ச கோக்கா இலைத் தேநீர் அமிர்தம்.

உண்மையைச் சொன்னா, எனக்கு மலையை விடக் கீழ இருக்கிற லிம்பியோபுங்கோ ஏரிப் பக்கம்தான் பிடிச்சுது. ஆளுயரம் கூட இல்லாத புதர்கள், ஆரஞ்சு நிற சுகிராகுவா பூ, அதுல தேன் குடிக்கிற ஊதாத் தலை ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்), தூரத்துல காட்டுக் குதிரைங்க.

உச்சிக்குப் (5,897 மீட்டர்) போனியான்னு கேக்காதீங்க. அது நடுராத்திரி கிளம்பி பனிப்பாறை மேல கயிறு கட்டி ஏறுற வேலை.

போறவங்க கையுறையை மறக்காதீங்க. 2015லயும் 2022லயும் சாம்பல் கக்கின மலை இது. கீட்டோ புவி இயற்பியல் நிறுவனத்தோட அறிக்கையைப் பாத்துட்டு முன்பணம் கட்டுங்க.