பெரிய வீட்டு வாட்ஸ்அப் குழு: வீட்டை மல்லிகா பெயருக்கு எழுதலாமா?

செல்வராஜ்: பேங்க் நோட்டீஸ் வந்திருக்கிறது. வசந்தி வீட்டுக்காரர், நம்ம மாப்பிள்ளை தங்கவேலின் பனியன் கம்பெனிக்கு நான் ஜாமீன் போட்ட கடன். வீட்டை மல்லிகா பெயருக்கு தான செட்டில்மெண்ட் எழுதிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குப் பத்திர ஆபீஸ் டோக்கன் போட்டாச்சு.

வசந்தி: அண்ணா, இதைக் குழுவிலா போடுவது

பிரவீன்: உங்க வீட்டில் போனை எடுத்தால்தானே அத்தை

கார்த்தி: குடும்பத்துக்குள் செலவு கம்மிதான் மாமா. முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் 10,000.

பழனிச்சாமி: தம்பி, எழுதாதே. சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 53. கடன் கொடுத்தவருக்குக் கிடைக்கக் கூடாது என்ற எண்ணத்தில் எழுதிய பத்திரத்தை அவர்கள் கோர்ட்டில் ரத்து செய்யலாம். நோட்டீஸ் வந்த வாரமே, பைசா வாங்காமல், பெண்டாட்டி பெயருக்கு! எண்ணம் என்ன என்று தேதியே சொல்லிவிடும்.

செல்வராஜ்: வீடு அடமானத்தில் இல்லையே அண்ணா

பழனிச்சாமி: அதனால் நேராக வந்து வீட்டை எடுக்க முடியாது, அவ்வளவுதான். பாக்கி 20 லட்சமும் அதற்கு மேலும் என்றால் கோவை கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போவார்கள். கடன் வாங்கியவர் பொறுப்பு எவ்வளவோ ஜாமீன்தாரர் பொறுப்பும் அவ்வளவு. அன்றைக்கே சொன்னேன்.

வசந்தி: அப்பா தோட்டம் விற்ற பணம் எங்கே போனது என்று நானும் ஆரம்பிக்கவா?

சுமதி: ஞாயிறு காதுகுத்துக்கு வேன் 5.30க்கு. கார்த்தி, தாய்மாமன் நீதான், வேட்டியில் வா.

மல்லிகா: செட்டில்மெண்ட் எழுதினால் அவர் திரும்ப வாங்க முடியுமா?

கார்த்தி: நிபந்தனை இல்லாமல் எழுதி நீங்க ஏற்றுக்கொண்டால், மாமா தனியாக ரத்து செய்ய முடியாது அத்தை

மல்லிகா: அப்போ எழுதட்டும் 😄

பிரவீன்: அப்பாவின் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) சேமிப்பு?

பழனிச்சாமி: பேங்க் கடனுக்காக கோர்ட் அதை ஜப்தி செய்ய முடியாது. வருமான வரி பாக்கி என்றால் வேறு கதை. பிரவீன், நீ கேட்டுக்கொள். உனக்கு இப்போது கடன் இல்லை. ஆயுள் காப்பீடு எடுக்கும்போதே 1874ஆம் வருட திருமணமான பெண்கள் சொத்துச் சட்டப் படிவத்தையும் சேர்த்துக் கொடு. பணம் மனைவி, பிள்ளைகளுக்கான டிரஸ்ட் ஆகிவிடும், உனக்குக் கடன் கொடுத்தவர் தொட முடியாது. பிறகு சேர்க்க முடியாது. புது யூனிட்டை உன் தனிப் பெயரில் தொடங்காதே. எல்எல்பியோ (பொறுப்பு வரம்புள்ள கூட்டு நிறுவனம்) பிரைவேட் லிமிடெட்டோ போடு, கம்பெனி கடன் கம்பெனியோடு நிற்கும். ஆனால் அதற்கும் பேங்க் உன் சொந்த ஜாமீன் கேட்கும். போட்டால் உன் வீடும் உள்ளே வந்துவிடும்.

பிரவீன்: சரி பெரியப்பா

சுமதி: யாரும் வேனுக்குப் பதில் சொல்லவில்லை

தங்கவேல்: மச்சான், வியாழக்கிழமை பேங்க்குக்கு நானும் வருகிறேன். ஒரே தவணையில் முடிக்க எவ்வளவு குறைப்பார்கள் என்று கேட்போம்.

வசந்தி: இவர் இத்தனை நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தாரா

பழனிச்சாமி: வாயில் பேசியது செல்லாது. எழுத்தில் வாங்குங்கள். டோக்கனை கேன்சல் செய்.

செல்வராஜ்: வியாழன் போய்ப் பார்க்கிறோம் அண்ணா. டோக்கன் இருக்கட்டும்.

பழனிச்சாமி: செல்வராஜ்!

செல்வராஜ்: வேன் 6 மணிக்கு வையுங்கள் சுமதி