புதுப்பிப்பு: கோ-டூ தள்ளிப்போய் நின்ற பிரச்சினை தீர்ந்தது

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. பிரச்சினை இதுதான்: என் தொலைநோக்கியில் கோ-டூ, அதாவது கேட்ட பொருளை நோக்கி மோட்டாரால் தானே திரும்பும் வசதி, இருக்கிறது. கைக் கன்ட்ரோலர் அலைன்மென்ட் (தெரிந்த நட்சத்திரங்களைக் காட்டி வானத்தோடு பொருத்துவது) முடிந்தது என்று காட்டும், ஆனால் எம்13 என்ற நட்சத்திரக் கொத்தைக் கேட்டால் தொலைநோக்கி எப்போதும் ஒரே பக்கமாகத் தள்ளிப்போய் நிற்கும். வேகமாகத் திரும்பும்போது சில சமயம் திரையே அணைந்து முதலிலிருந்து தொடங்கும்.

திரை அணைந்ததற்கு மின்சாரம்தான் காரணம். மோட்டார் முழு வேகத்தில் இழுக்கும்போது ஏஏ பேட்டரிகளின் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் போட்டதும் அது நின்றது, ஆனால் குறி தவறுவது மட்டும் அப்படியே இருந்தது. கன்ட்ரோலரில் கொடுத்த தேதி, நேரம், இடம் மூன்றும் சரியாகவே இருந்தன.

கடைசியில் வேலை செய்தது, நட்சத்திரத்தை நடுவுக்குக் கொண்டுவரும் கடைசி அசைவை மேல், வலது பொத்தான்களால் மட்டும் செய்யச் சொன்ன யோசனை. பல்சக்கரங்களுக்கு நடுவே கொஞ்சம் தொய்வு இருக்கிறது, கோ-டூ எப்போதும் அந்தத் திசையிலேயே வந்து முடிவதால் அலைன்மென்ட்டும் அப்படியே முடிந்தால் தொய்வு கணக்கில் வராது. நட்சத்திரம் தாண்டிப் போய்விட்டால் எதிர்ப்பக்கம் நன்றாகப் பின்வாங்கி மறுபடி மேல், வலதில் வரவேண்டும், கொஞ்சம் பொறுமை வேண்டும்தான். சுவாதி, வேகா என்ற இரண்டு நட்சத்திரங்களையும் (இடையே கிட்டத்தட்ட 60 பாகை) இப்படிப் பிடித்தபின், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எம்13 குறைந்த உருப்பெருக்கத்தில் நேராக ஐபீஸுக்குள் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) வந்தது.

எதிர்பாராத ஒன்று: என் கன்ட்ரோலரில் வேகத்தை 6 அல்லது அதற்குக் கீழே வைத்தால் மேல், கீழ் பொத்தான்கள் தலைகீழாகின்றன. பழுதல்ல, மேல் பொத்தானை அழுத்தினால் ஐபீஸில் தெரியும் நட்சத்திரமும் மேலே நகரும்படி வைத்திருக்கிறார்கள்.