டயாலிசிஸ் செய்துகொண்டே வேலைக்குப் போகிறேன்: இ.எஸ்.ஐ. உதவித்தொகைக்கும் மாற்றுத்திறனாளிச் சான்றுக்கும் விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: சூலூர் லேத்

அனைவருக்கும் வணக்கம். கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக சி.என்.சி. லேத் ஆபரேட்டராக வேலை பார்க்கிறேன். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. போன ஆண்டு இறுதியில் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டதாகச் சொல்லி, இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைப்பது) போட்டு, திங்கள், புதன், வெள்ளி என வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்து வருகிறார்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மருத்துவமனையின் பரிந்துரைக் கடிதத்துடன் ஒரு தனியார் மருத்துவமனையில் செய்வதால் சிகிச்சைக்குப் பணம் கட்டவில்லை. ஆனால் அந்த மூன்று நாட்களும் சம்பளம் இல்லாத விடுப்பாகப் போவதால், கையில் வருவது பாதியாகிவிட்டது.

வேலை செய்யும் நாட்களிலும் சிரமம்தான். வார்ப்புத் துண்டைத் தூக்கி லேத்தின் சக்கில் (துண்டைப் பிடித்துக்கொள்ளும் பாகம்) பொருத்தும்போது முழுப் பாரமும் முன்கையில்தான் இறங்கும். ஃபிஸ்டுலா போட்ட கையில் பாரம் தூக்கக் கூடாது, அந்த இடத்தில் அடிபடவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் எல்லாவற்றையும் வலக்கையாலேயே தூக்குகிறேன். உற்பத்தி எண்ணிக்கை குறைகிறது. சென்ற வாரம் மனிதவளப் பிரிவில் அழைத்து, "நீங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் கிராஜுவிட்டி (பணிக்கொடை), பி.எஃப். எல்லாம் சீக்கிரம் முடித்துத் தருகிறோம்" என்றார்கள். மிரட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். இருந்தாலும் மாத இறுதிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் முழுவதுமாக வேலையை விட்டால்தான் உதவித்தொகை கிடைக்குமா? வேலை செய்துகொண்டே விண்ணப்பிக்க முடியாதா? மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கினால் ஏதேனும் பயன் உண்டா? மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார், பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டும்.

பதில் 1: தொழிற்சங்கத் தோழர்

தோழர், முதலில் ஒன்றே ஒன்று. அந்த ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கிராஜுவிட்டி ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்த எவருக்கும் சட்டப்படி உரியது. இன்று போனாலும் ஐந்து ஆண்டு கழித்துப் போனாலும் அது உங்கள் பணம்தான். அதைச் சலுகைபோலக் காட்டி எழுதி வாங்குவது பல இடங்களில் நடக்கிறது. நோய்க்கால உதவித்தொகை பெற்றுக்கொண்டிருக்கும் காலத்தில் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு நிர்வாகம் உங்களை நீக்குவதற்கு எதிரானது. நீங்களே விலகிக்கொண்டால் அது உங்களுக்கு உதவாது. இனி அவர்கள் வாய்மொழியாகக் கேட்பதற்கெல்லாம் நீங்கள் எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்கி வையுங்கள். இ.எஸ்.ஐ. கணக்குகளை விவரமறிந்தவர்கள் சொல்வார்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற கிளை அலுவலகர்

தம்பி, இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் ஒன்றில் பணப்பலன் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வேலையை விட்டால்தான் தொகை கிடைக்கும் என்பது தவறான எண்ணம். வேலையில் இருப்பதால்தான் அது உங்களுக்குக் கிடைக்கிறது. நோய்க்கால உதவித்தொகை நாள் கணக்கில் தரப்படுவது. எந்த நாளில் நீங்கள் வேலைக்குத் தகுதியற்றவர் என்று இ.எஸ்.ஐ. மருத்துவ அலுவலர் சான்று தருகிறாரோ, அந்த நாளுக்குச் சராசரி நாள் கூலியில் 70 சதவீதம் உண்டு. ஆகவே டயாலிசிஸ் நாட்களுக்குச் சான்று பெற்று அந்த நாட்களுக்குத் தொகை கோருவதும், மற்ற நாட்களில் வேலை பார்த்துச் சம்பளம் வாங்குவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஒரே நாளுக்குச் சம்பளமும் உதவித்தொகையும் வாங்குவதுதான் கூடாது. டயாலிசிஸ் நாளில் சம்பளத்துடன் கூடிய விடுப்பைப் போட்டுக்கொண்டு அதே நாளுக்குச் சான்றும் கொடுத்தால், பின்னால் தணிக்கையில் பிடித்துத் தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். வருகைப் பதிவேட்டில் அந்த நாள் சம்பளமில்லா விடுப்பு என்றே இருக்கட்டும்.

நோய்வாய்ப்பட்ட முதல் இரண்டு நாட்களுக்குத் தொகை இல்லை என்ற விதி ஒன்று உண்டு. அதைக் காட்டி, ஒரு நாள், ஒரு நாளாக விடுப்பு எடுப்பவருக்கு எதுவும் கிடையாது என்று சிலர் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கடைசியாகத் தொகை பெற்ற நோய்க்காலத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 15 நாளுக்கு மேற்படாவிட்டால் அந்தக் கழிவு இல்லை என்பதும் அதே விதியில் இருக்கிறது. ஆகவே தொடக்கத்தில் ஒருமுறை தொடர்ச்சியாகச் சில நாட்கள் சான்று பெற்று அந்த இரண்டு நாளைக் கழித்துவிட்டால், இரண்டு நாளைக்கு ஒருமுறை டயாலிசிஸ் செய்யும் உங்களுக்கு மறுபடி கழிவு வராது.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. அடுத்தடுத்த இரண்டு பலன் காலங்களில், அதாவது ஓராண்டில், 91 நாட்களுக்குத்தான் இந்தத் தொகை. உங்களுக்கு ஆண்டுக்கு 156 டயாலிசிஸ் நாட்கள் வரும். ஏழு மாதத்தில் 91 நாளும் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவித்தொகை. அதற்கென 34 நீண்டகால நோய்களின் பட்டியல் இருக்கிறது. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அதில் உள்ளது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வேலையில் இருந்து, முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் (சந்தா கணக்கிடும் ஆறு மாதம் ஒரு காலம்) 156 நாட்களுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஒன்பது ஆண்டு வேலை பார்த்த உங்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. விகிதம் 80 சதவீதம். நாள் கூலி சராசரி 600 ரூபாய் என்றால் முன்னதில் 420, இதில் 480 கிடைக்கும். முதலில் 124 நாட்களுக்கு அனுமதித்து, மருத்துவ வாரியம் பரிந்துரைத்தால் இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிப்பார்கள். ஆனால் இது பெரும்பாலும் முழு ஓய்வில் இருப்பவருக்கே பயன்படுவது. மாற்றுச் சிறுநீரக அறுவை சிகிச்சை நடக்கும் வாய்ப்பு இருந்தால், அதற்காக இதைக் காத்து வைப்பது நல்லது என்பது என் கருத்து.

இனி, பலரும் கவனிக்காத ஒரு கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டும் சந்தா அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையிலான பலனுக்கும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டுவது ஜூலை முதல் டிசம்பர் வரையிலான பலனுக்கும் தகுதி தரும். அந்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா இருக்க வேண்டும். நீங்கள் வாரம் மூன்று நாள் மட்டும் வேலை பார்த்தால், 26 வாரத்துக்குச் சரியாக 78 நாள்தான் வருகிறது. காய்ச்சலில் ஒரு நாள் படுத்துவிட்டால் 77; அடுத்த அரையாண்டுக்கு ஒன்றும் கிடையாது. சம்பளத்துடன் கூடிய வார விடுமுறையும் பண்டிகை விடுமுறையும் சந்தா நாளாகக் கணக்கில் வரும் என்பதால், உங்கள் சம்பளச் சீட்டில் மாதத்துக்கு எத்தனை நாள் காட்டுகிறார்கள் என்று ஒவ்வொரு மாதமும் பாருங்கள். ராஜினாமா செய்தால் இந்தச் சங்கிலியே அறுந்துபோகும்.

மாற்றுத்திறனாளிச் சான்று பற்றி: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைக் குறிப்பிடுகிறது. பார்கின்சன், ஹீமோஃபீலியா, தலசீமியா எல்லாம் அதில் உண்டு. சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. இது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம். வாரம் மூன்று நாள் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டு வாழும் ஒருவருக்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை. ஆனால் உங்களுக்குச் சர்க்கரை நோயும் இருப்பதால், விழித்திரை பாதிக்கப்பட்டுப் பார்வை குறைந்திருந்தாலோ, கால் விரல்களையோ பாதத்தையோ இழக்க நேர்ந்திருந்தாலோ, அந்தக் குறைபாட்டுக்காக விண்ணப்பிக்கலாம். 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்று கிடைத்தால்தான் பெரும்பாலான உதவிகளுக்குத் தகுதி வரும். அப்படி ஒன்றும் இல்லையென்றால், அட்டைக்காக இப்போது உடலை வருத்தி அலைய வேண்டாம்.

பதில் 3: மாலை ஷிஃப்ட்

சகோதரருக்கு வணக்கம். நானும் டயாலிசிஸ் செய்துகொண்டே சென்னையில் ஒரு ஏற்றுமதித் துணி நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்தான். ஐயா சட்டக் கணக்கை அழகாகச் சொல்லிவிட்டார். அதை உடம்பு தாங்குமா என்பதைப் பற்றி நான் சொல்கிறேன்.

உங்கள் டயாலிசிஸ் காலையிலா, மாலையிலா என்று எழுதவில்லை. பல மையங்களில் மூன்று ஷிஃப்ட் உண்டு. நான் காலை இடத்தை விட்டுக்கொடுத்து மாலை இடத்துக்குக் காத்திருந்து மாறிக்கொண்டேன். பகலில் வேலை முடித்து, நேராக மையத்துக்குப் போய், நான்கு மணி நேரம் படுத்துவிட்டு இரவு வீட்டுக்குப் போனால், அந்தக் களைப்பு தூக்கத்தோடு கழிகிறது. இதனால் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ சம்பள நாளாகவே மிஞ்சும்; ஐயா சொன்ன 78 நாளைப் பற்றிய கவலையும் தீரும். எல்லோருக்கும் இது ஒத்துவராது. டயாலிசிஸ் முடிந்ததும் இரத்த அழுத்தம் இறங்குபவராக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் மாற வேண்டாம்.

அடுத்தது, வேலையின் தன்மை. "எனக்கு உடம்பு முடியவில்லை" என்று பொதுவாகச் சொன்னால் நிர்வாகத்துக்கு ராஜினாமாதான் நினைவுக்கு வரும். எதை முடியாது, எதை முடியும் என்று பிரித்து மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். இடது கையால் ஐந்து கிலோ தூக்கக் கூடாது, அந்தக் கையில் அதிர்வும் அடியும் படக் கூடாது, நின்றுகொண்டே அளவு பார்ப்பதும் இயந்திரத்தில் புரோகிராம் சரிபார்ப்பதும் செய்யலாம் என்று மருத்துவர் தம் கணிப்பில் எழுதினால், அது வேலையை மாற்றித் தருவதற்கான கோரிக்கையாகிவிடும். ஒன்பது ஆண்டு லேத் பார்த்தவருக்கு வெர்னியர், மைக்ரோமீட்டர் போன்ற அளவுக் கருவிகள் கைவந்தவை. தரச் சோதனை மேசைக்கு மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மேசை வேலையாகவே இருந்தாலும் ஃபிஸ்டுலாவில் விரல் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை விடாதீர்கள். காலையில் எழுந்ததும் அந்த மெல்லிய அதிர்வு விரலுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அன்று வேலை, விடுப்பு எதையும் யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

உதவித்தொகை கிடைக்கிறது என்று முழு ஓய்வில் போவதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். வீட்டில் படுத்திருந்த மாதங்களில் எனக்கு மனம்தான் அதிகம் சோர்ந்தது.

கேள்வி கேட்டவர்: சூலூர் லேத்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று தரச் சோதனைப் பிரிவுக்கு மாற்றக் கோரி கடிதம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிவிட்டேன். என் டயாலிசிஸ் காலையில்தான் நடக்கிறது. மாலை இடத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஐயாவிடம் இரண்டு சந்தேகங்கள். வரும் ஏப்ரலில் ஊதிய உயர்வு வந்தால் என் மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டிவிடும், அப்போது இ.எஸ்.ஐ. நின்றுபோகுமா? எப்படிப் பார்த்தாலும் ஒருநாள் முழுவதும் முடியாமல் போனால், அதற்குப் பிறகு என்ன வழி?

பதில் 2 தொடர்ச்சி: ஓய்வுபெற்ற கிளை அலுவலகர்

தம்பி, பங்களிப்புக் காலம் தொடங்கிய பிறகு சம்பளம் 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டினால், அந்தக் காலம் முடியும்வரை காப்பீடு தொடரும். ஆனால் ஏப்ரல் 1ஆம் தேதியே புதிய காலத்தின் முதல் நாள். அன்றைக்கே உயர்வு நடைமுறைக்கு வந்தால் நீங்கள் வெளியே போய்விடுவீர்கள். மே மாதத்திலிருந்து வந்தால் செப்டம்பர் வரை உள்ளே இருப்பீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 25,000 ரூபாய் என்றாலும், மேலே சொன்ன காரணத்தால் அது உங்களுக்குப் பொருந்தாது. மிகைநேர ஊதியம் இந்த வரம்புக் கணக்கில் சேராது. இலவச டயாலிசிஸின் மதிப்பு அந்த ஊதிய உயர்வைவிடப் பன்மடங்கு அதிகம். உயர்வு எந்தத் தேதியிலிருந்து என்பதைச் சம்பளப் பிரிவில் இப்போதே கேட்டு, தேவையானால் ஒரு மாதம் தள்ளிவைக்க எழுத்தில் வேண்டுங்கள்.

முழுவதும் முடியாமல் போகும் நாளைப் பற்றி இரண்டு செய்திகள். வேலைக்காயம் அல்லாத காரணத்தால் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் நிரந்தர இயலாமை ஏற்பட்டு வேலையை இழந்தவருக்கு, ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்ற இ.எஸ்.ஐ. திட்டத்தில் 24 மாதம் வரை உதவி உண்டு. முதல் ஆண்டு கூலியில் 50 சதவீதம், இரண்டாம் ஆண்டு 25 சதவீதம். தானாக விலகியவருக்கு அது கிடையாது. பி.எஃப். பக்கம், பணியில் இருக்கும்போதே நிரந்தரமாகவும் முழுமையாகவும் தம் வேலைக்குத் தகுதியிழந்தவர் என்று மருத்துவ வாரியம் சொன்னால், பத்து ஆண்டு நிறையாவிட்டாலும், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே ஓய்வூதியம் உண்டு. உங்களுக்கு ஒன்பது ஆண்டுதான் ஆகிறது. வேலையை விட்டு, படிவம் 10சி கொடுத்து ஓய்வூதியப் பணத்தை மொத்தமாக எடுத்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். யார் நிரப்பித் தந்தாலும், அந்தப் படிவத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். சிகிச்சைச் செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் பி.எஃப். கணக்கிலிருந்து நோய்க்கான முன்பணத்துக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, ஓய்வூதியத்தையும் அது தொடாது.

நாளை இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு மருத்துவ அலுவலரின் சான்று வாங்கப் போகும்போது டயாலிசிஸ் மையத்தின் வருகை அட்டை, பரிந்துரைக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு மூன்றின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். சான்று கையில் வந்ததும் உரிமைகோரும் படிவத்துடன் கிளை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசிக்கென்று சேர்த்து வைக்க வேண்டாம்.