சித்தப்பாவின் ஸ்கேன்: குடும்பக் குழு உரையாடல்

செந்தில்: அப்பாவின் எம்ஆர்ஐ ரிப்போர்ட் வந்துவிட்டது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி மறுபடியும் வளர்ந்து பார்வை நரம்பை முட்டுகிறதாம். திரும்பவும் ஆபரேஷன் என்கிறார்கள்.

வசந்தா அத்தை: ஐயோ! போன தடவையே எடுத்தாகிவிட்டது என்றார்களே. புற்றுநோயாக மாறிவிட்டதா?

மீனா: இல்லை அத்தை. இது அடினோமா, புற்றுநோய் இல்லாத கட்டி. அப்படி மாறுவது மிக மிக அபூர்வம். பக்கத்துச் சவ்வில் கண்ணுக்குத் தெரியாமல் துளி ஒட்டியிருந்தாலும் பல வருடம் கழித்து வளரும். அதற்காகத்தான் ஆபரேஷனுக்குப் பிறகும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்.

செந்தில்: மாத்திரையில் சுருங்காதா? நண்பனின் அம்மாவுக்குச் சுருங்கியதே.

மீனா: அவர்களுக்குப் புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரக்கும் கட்டியாக இருந்திருக்கும் அண்ணா. அதற்குக் கேபர்கோலின் மாத்திரை நன்றாகக் கேட்கும். சித்தப்பாவுடையது ஹார்மோன் சுரக்காத வகை, மாத்திரைக்குப் பெரும்பாலும் சுருங்காது.

சித்தப்பா: வண்டி ஓட்டும்போது பக்கத்தில் வருவது தெரியவில்லை. நேற்று கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டேன்.

மீனா: சித்தப்பா, இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டு கண்ணின் நரம்புகளும் அந்தச் சுரப்பிக்கு மேலேதான் குறுக்கே கடக்கின்றன. கீழிருந்து கட்டி முட்டினால் இருபுறமும் ஓரப் பார்வை போகும். நேரே உள்ள எழுத்து நன்றாகத் தெரிவதால் நமக்கே புரியாது. பார்வைப் புலச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். வண்டியைத் தொடவே வேண்டாம்.

வசந்தா அத்தை: மண்டையைத் திறப்பார்களா?

மீனா: பெரும்பாலும் மூக்கு வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டுத்தான் செய்வார்கள் அத்தை. ஆனால் இரண்டாம் தடவை கடினம். வழி காட்டும் எலும்புகளை முன்பே செதுக்கியிருப்பார்கள், தழும்பு வேறு இருக்கும். இருபக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி. அது எங்கே ஓடுகிறது என்று, ஸ்கேன் படத்தை வைத்து இடம் காட்டும் நேவிகேஷனும் ரத்த ஓட்டத்தைக் கண்டறியும் டாப்ளரும் வைத்துப் பார்த்துப் பார்த்துப் போவார்கள். மூளைத் தண்ணீர் கசியும் வாய்ப்பும் கூடுதல். அதை அடைக்க மூக்கின் உட்சவ்வை மடித்து வைப்பார்கள். போன தடவையே அந்தச் சவ்வைப் பயன்படுத்திவிட்டார்களா என்பது முக்கியம்.

செந்தில்: டாக்டர் ஓரத்தில் கொஞ்சம் விட்டுவைப்போம் என்கிறார். எனக்கு மனசே கேட்கவில்லை. முழுதாக எடுப்பவரிடம் போவோமா?

மீனா: அண்ணா, விட்டுவைப்பது கைவிடுவது ஆகாது. அந்த ஓரத்துக்குப் பெயர் கேவர்னஸ் சைனஸ். தமனியும் கண்ணை அசைக்கும் நரம்புகளும் அதற்குள்தான் இருக்கின்றன. அங்கே சுரண்டினால் பார்ப்பதெல்லாம் இரட்டையாகத் தெரியலாம், தமனி கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. மிச்சத்துக்குக் காமா நைஃப் போன்ற குறிவைத்த கதிர்வீச்சு கொடுக்கலாம். கட்டிக்கும் பார்வை நரம்புக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால்தான் அதைப் பாதுகாப்பாகக் கொடுக்க முடியும். அந்த இடைவெளியை உண்டாக்குவதே இந்த ஆபரேஷனின் பெரிய வேலை. கதிர்வீச்சுக்குப் பிறகு வருடங்கள் போகப் போக ஹார்மோன் குறையலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு டாக்டரைப் பார்ப்பது நல்லதுதான். நரம்பை விடுவிக்க முடியுமா, மிச்சத்தை என்ன செய்வீர்கள், இப்படி மறு ஆபரேஷன் அடிக்கடி செய்கிறீர்களா என்று அவரிடமும் கேளுங்கள்.

சித்தி: வீட்டுக்கு வந்தபின் நான் என்ன பார்க்க வேண்டும் மீனா?

மீனா: மூக்கைச் சிந்தக் கூடாது சித்தி. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மட்டும். குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டினாலோ தொண்டையில் உப்புக் கரித்தாலோ சளி என்று இருந்துவிடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாகமும் சிறுநீரும் அளவுக்கு மீறினாலும் அப்படியே. ஒரு வாரம் வாக்கில் ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு இறங்கலாம். தலைவலி, குமட்டல், குழப்பம் வந்தால் ரத்தம் பார்க்க வேண்டும். குறைந்த ஹார்மோனுக்கு ஈடாக ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை கொடுத்தால் ஒரு வேளைகூட விடக் கூடாது. காய்ச்சல் வந்தால் அந்த மாத்திரையை எவ்வளவு கூட்டுவது என்று முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

செந்தில்: டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கிறது. ஆபரேஷன் நோட்ஸைத்தான் காணவில்லை.

மீனா: பழைய ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட் பிரிவில் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். பழைய எம்ஆர்ஐ சிடியும், கட்டியின் பயாப்ஸி ரிப்போர்ட்டும் வேண்டும். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படத்தையே பார்ப்பார்கள்.

செந்தில்: சரி, நாளை காலையில் போகிறேன்.