சிக்ஸ் ஸ்டெப் தெரியாமல் விண்ட்மில் கற்கலாமா?

தரைதட்டி:
"முப்பது வயதுக்கு மேல் பிரேக் டான்ஸ் கற்க வருபவர்கள் சிக்ஸ் ஸ்டெப்பில் நேரத்தை வீணாக்க வேண்டாம். நேராக விண்ட்மில்லுக்குப் போங்கள். மூன்றே மாதத்தில் சுற்றலாம்." புதியவர்களுக்கான திரியில் சுழல்காற்று எழுதியது இது. கீழே வரிசையாக நன்றி வேறு. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால் இந்தத் தனித் திரி. தெரியாதவர்களுக்கு: சிக்ஸ் ஸ்டெப் என்பது கையூன்றிக்கொண்டு ஆறு அடியில் காலால் போடும் வட்டம். விண்ட்மில் என்பது தோளிலும் முதுகிலும் உருண்டு, காலை வீசிச் சுற்றுவது.

இந்த ஆட்டத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. நின்றபடி ஆடும் டாப்ராக், அங்கிருந்து தரைக்கு இறங்குவது, கையூன்றிக்கொண்டு காலால் வட்டம் போடும் ஃபுட்வொர்க், அதன் பிறகு சுழற்சி, முடிவில் அசையாமல் உறைந்து நிற்கும் ஃப்ரீஸ். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் டிஜே கூல் ஹெர்க்கும் அவர் தங்கையும் நடத்திய விருந்திலிருந்துதான் இந்தக் கதையைச் சொல்வார்கள். பாட்டில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் துண்டை இரண்டு இசைத்தட்டுகளில் மாற்றி மாற்றி நீட்டினார் ஹெர்க். அந்தத் தாளம் வரும்வரை காத்திருந்து பையன்கள் களத்தில் இறங்கினார்கள். அவர்களிடம் இருந்தது கால் வேலை. விண்ட்மில் வந்தது அதற்கெல்லாம் பல வருடம் கழித்து.

சிக்ஸ் ஸ்டெப் தெரியாதவன் தாளத்தில் நிற்க மாட்டான். தாளத்தில் நிற்காதவன் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அது ஆட்டம் இல்லை.

சுழல்காற்று:
வெட்டி ஒட்டும்போது முழுதாக ஒட்டுங்கள். "மணிக்கட்டையும் தோளையும் பழக்கிய பிறகு" என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது. உங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

விண்ட்மில்லில் என்ன நடக்கிறது? முழங்கையை இடுப்பெலும்புக்குச் சற்று உள்ளே வயிற்றில் குத்தி, உடல் எடையை அந்தக் கையில் தாங்க வேண்டும். அதுதான் ஸ்டேப். அங்கிருந்து தோளின் பின்புறமாக உருண்டு மேல்முதுகுக்கு வர வேண்டும். கால்களை அகல விரித்து வீச வேண்டும். இடுப்பைத் தூக்கி, அந்த வீச்சிலேயே புரண்டு மறுபடி ஸ்டேப்புக்கு வர வேண்டும். இதில் எந்த இடத்தில் சிக்ஸ் ஸ்டெப் வருகிறது? காட்டுங்கள், கற்றுக்கொள்கிறேன்.

தரைதட்டி:
காட்டுகிறேன். முதல் விண்ட்மில்லுக்குள் எப்படி நுழைவீர்கள்? தரையில் படுத்துக்கொண்டா? களத்தில் எவனும் படுத்துக்கொண்டு ஆரம்பிப்பதில்லை. வட்டம் போட்டுக்கொண்டிருக்கும் காலின் வீச்சிலிருந்து நுழைகிறான். அந்த வட்டம்தான் சிக்ஸ் ஸ்டெப்.

தண்டால் நிலையில் ஆரம்பித்து, ஒரு காலை மற்றதன் முன்னால் கொண்டுவந்து, பாதி வட்டத்தில் வயிறு மேலே பார்க்கும் நண்டு நிலைக்குப் போய், சுற்றி மறுபடி தண்டாலுக்குத் திரும்ப வேண்டும். அந்த நண்டு நிலையில்தான் எல்லாரும் இடுப்பைத் தரையில் போடுவார்கள். இடுப்பைத் தூக்கிப் பிடிக்க அங்கே பழகாதவன் விண்ட்மில்லில் மட்டும் தூக்கிவிடுவானா? சிக்ஸ் ஸ்டெப் தெரியாதவன் தாளத்தில் நிற்க மாட்டான்.

சுழல்காற்று:
இடுப்பைத் தூக்கப் பழக நூறு வழி இருக்கிறது. உங்களுக்கு மட்டும்தான் ஒரே வழி.

வரலாறு பேசினீர்களே, நானும் பேசுகிறேன். விண்ட்மில்லைப் பரப்பிய பெருமை ராக் ஸ்டெடி குழுவின் கிரேசி லெக்ஸுக்குத் தரப்படுகிறது. முதுகில் சுற்றும் பேக்ஸ்பின் போடப்போய் வேகம் மிஞ்சித் தொடர்ந்து சுற்றியதில் பிறந்தது என்பார்கள். பாடத்திட்டம் வைத்துக்கொண்டு பிறக்கவில்லை. ஆசை இருந்த ஒரு பையன் சுற்றிப் பார்த்தான். அந்த ஆசையைத்தான் நான் புதியவர்களிடம் காப்பாற்றப் பார்க்கிறேன். வாரக்கணக்கில் சிக்ஸ் ஸ்டெப் மட்டும் போடவைத்தால் பாதிப் பேர் ஓடிவிடுகிறார்கள்.

தரைதட்டி:
ஓடட்டும். அந்தப் பையன் பேக்ஸ்பின்னுக்கு வருமுன் என்ன ஆடிக்கொண்டிருந்தான் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டீர்கள். அந்தக் குழுவிலேயே கென் ஸ்விஃப்டின் ஃபுட்வொர்க்கை இன்றைக்கும் உலகம் முழுக்கப் பார்த்துப் படிக்கிறார்கள்.

மொசைக்மன்னன்:
ஒரு விஷயத்தை இரண்டு பேரும் பேசவே இல்லை. தரை! நம் ஊர் மொட்டைமாடி சிமென்ட்டில் விண்ட்மில் போட்டால் தோள் தோல் உரிந்துவிடும். பழைய வீட்டு மொசைக் தரைதான் சரி. வழவழவென்று சுற்றும்.

பிசியோ அக்கா:
மொசைக் வழுக்கும், உண்மைதான். ஆனால் துளிகூட அமுங்காது. தோளும் இடுப்பெலும்பும் மோதும் அடி அப்படியே உடம்புக்குள் போகும். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துக்கொள்ளுங்கள். பிராங்க்ஸ் பையன்கள் அட்டையும் லினோலியமும் விரித்து ஆடியது சும்மா இல்லை.

அப்புறம், மணிக்கட்டு. கட்டைவிரலுக்கு அடியில் ஸ்கேஃபாய்டு என்று ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. விரித்த கையின் மேல் விழுந்தால் முறியும். அதற்கு இரத்த ஓட்டம் குறைவு, மெதுவாகத்தான் கூடும். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். "சுளுக்குதான்" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு தொடர்ந்து ஆடாதீர்கள். கட்டைவிரலின் அடியில் இருக்கும் குழியில் அழுத்தினால் வலிக்கிறது என்றால் உடனே காட்டுங்கள். முப்பதுக்கு மேல் வருபவர்கள் எதில் ஆரம்பித்தாலும் முதலில் மணிக்கட்டைத் தயார் செய்ய வேண்டும்.

தரைதட்டி:
அக்கா சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். மணிக்கட்டைப் படிப்படியாகப் பழக்குவது எது? சிக்ஸ் ஸ்டெப்.

சுழல்காற்று:
அக்கா "எதில் ஆரம்பித்தாலும்" என்று எழுதியிருக்கிறார். அந்தச் சொல் உங்கள் கண்ணில் படவில்லை.

பிசியோ அக்கா:
என்னை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள், இரண்டு பேருமே. சிக்ஸ் ஸ்டெப்பிலும் மணிக்கட்டு முழுக்க மடங்கித்தான் எடை தாங்குகிறது. நாள் முழுக்க கீபோர்டில் வேலை பார்த்துவிட்டு வருபவர் எடுத்த எடுப்பில் மணிக்கணக்காக வட்டம் போட்டால் அதுவும் வீங்கும்.

மொசைக்மன்னன்:
அட்டை நழுவும் அக்கா. நடுச்சுற்றில் அட்டை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

பிசியோ அக்கா:
ஓரத்தில் டேப் ஒட்டுங்கள் தம்பி.

தொண்ணூறுகளின்பையன்:
தமிழ்நாட்டுக்கே பிரேக் டான்ஸ் காட்டியவர் பிரபுதேவா. அவர் தரையில் உருண்டா ஆடினார்? நின்றுகொண்டே எலும்பில்லாத மாதிரி ஆடினார். எங்கள் தெருவில் அதைப் பார்த்துத்தான் எல்லாரும் கற்றோம். சிக்ஸ் ஸ்டெப்பும் இல்லை, விண்ட்மில்லும் இல்லை.

தரைதட்டி:
நீங்கள் கற்றது பெரும்பாலும் தசையை வெடுக்கென்று இறுக்கித் தளர்த்தும் பாப்பிங், அலை, ரோபோ. பாப்பிங்கின் வேர் கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ பக்கம். பிராங்க்ஸ் ஆட்டம் அமெரிக்காவின் மறுகோடி. இரண்டுமே அருமையான கலை, ஆனால் இங்கே பேசுவது தரை ஆட்டம்.

தொண்ணூறுகளின்பையன்:
வகுப்பெடுக்காதீர்கள். கல்யாண வீட்டில் எங்கள் ஆட்டத்தைப் பார்த்து ஊரே கைதட்டியது. உங்கள் சிக்ஸ் ஸ்டெப்புக்கு யார் கைதட்டினார்கள்?

சுழல்காற்று:
அண்ணன் கேட்டது சரியான கேள்வி. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலிய ஆட்டக்காரி ரேகனுக்கு என்ன ஆயிற்று? மூன்று மோதல், மூன்றிலும் 18-0. ஒரு நடுவர்கூட வாக்களிக்கவில்லை. பவர், அதாவது விண்ட்மில் மாதிரிச் சுழற்சிகள், இல்லாமல் களத்துக்குப் போனால் அதுதான் கதி.

தரைதட்டி:
இதற்காகத்தான் காத்திருந்தேன். போன வருடத் திரியிலும் இதையே சொன்னீர்கள், பதில் சொன்னதும் காணாமல் போனீர்கள்.

அதே பாரிஸில், 2024 ஆகஸ்ட் 9 அன்று, பெண்கள் பிரிவில் தங்கம் வாங்கியது ஜப்பானின் அமி. அவருடைய பலம் எது? ஃபுட்வொர்க், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒட்டாமல் வழுக்கிப் போகும் ஓட்டம். நடுவர்கள் பார்த்தது ஐந்து விஷயம்: நுட்பம், அசைவுகளின் வளம், செய்நேர்த்தி, இசையோடு பொருந்துவது, தனித்தன்மை. ஐந்துக்கும் சம எடை. "எத்தனை சுற்று" என்று ஒரு கட்டமே கிடையாது. மறுநாள் ஆண்கள் பிரிவில் வென்ற கனடாவின் ஃபில் விசார்டும் பெயர் வாங்கியது யாரும் யோசிக்காத அசைவுகளுக்காக. ரேகன் தோற்றது விண்ட்மில் இல்லாததால் என்று சொல்பவர் அந்த மோதல்களைப் பார்க்கவே இல்லை.

சுழல்காற்று:
காணாமல் போகவில்லை. எனக்கு வேலை இருக்கிறது. எல்லாத் திரியிலும் கடைசிப் பதிவு உங்களுடையதாகவே இருக்க வேண்டும் என்பது உங்கள் வியாதி.

அமியையும் ஃபில்லையும் எதற்கு இழுக்கிறீர்கள்? நான் எழுதியது முப்பது வயதுக்கு மேல், வேலைக்குப் போய்க்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பழகும் ஆளுக்கு. அவர் ஒலிம்பிக் போகவில்லை. 2028 லாஸ் ஏஞ்சலிஸில் இந்த ஆட்டமே இல்லை. அவருக்கு வேண்டியது ஒரு விண்ட்மில். சின்ன வயதில் பார்த்து ஏங்கியது. அதைக் கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும்?

தரைதட்டி:
அவர் ஏக்கத்தை நான் மதிப்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். ஸ்பீக்கரில் தாளம் ஏறும்போது, காலும் கையும் தானாக வட்டத்தில் போய், சரியாக அந்த அடியில் பாதம் விழுகிறது பாருங்கள், அந்த சுகத்தை ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஏன் மறுக்க வேண்டும்? நீங்கள் அவருக்கு ஒரு வித்தையைக் கொடுக்கிறீர்கள். நான் ஆடச் சொல்கிறேன். சிக்ஸ் ஸ்டெப் தெரியாதவன் தாளத்தில் நிற்க மாட்டான்.

மொசைக்மன்னன்:
ஹெட்ஸ்பின்னுக்கு மொசைக் எப்படி?

பிசியோ அக்கா:
தம்பி, தொப்பி போடாமல் தலையைத் தரையில் வைக்கவே வேண்டாம். 2024ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் டென்மார்க் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார்கள். 19 வருடம் தலையில் சுற்றிச் சுற்றி உச்சியில் கட்டி மாதிரி மேடு தட்டி, முடியும் கொட்டி, கடைசியில் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். கழுத்தைப் பலப்படுத்தாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மொசைக்மன்னன்:
சரி அக்கா. ஆனால் மொசைக்தான் நல்லது.

புதுவரவு34:
வணக்கம். வயது 34, ஐடி வேலை, லேசான தொப்பை. திரி முழுக்கப் படித்துவிட்டேன். நாளைக் காலையில் எதை முதலில் போடுவது?

சுழல்காற்று:
தண்டால் நிலையில் கையைச் சுழற்றி மணிக்கட்டைச் சூடாக்குங்கள். அப்புறம் ஸ்டேப்பில் இரண்டு பக்கமும் நின்று பழகுங்கள். பேக்ஸ்பின் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் தனிமடல் போடுங்கள். இந்தத் திரியில் கேட்டால் 1973லிருந்து ஆரம்பிப்பார்கள்.

தரைதட்டி:
தனிமடலுக்குப் போகாதீர்கள் தம்பி. இங்கேயே கேளுங்கள், எல்லாரும் பார்க்கட்டும். முதலில் ஒரு பாட்டைப் போட்டு, கைகட்டி நின்றபடி தாளத்தை எண்ணுங்கள். பிறகு டாப்ராக். அப்புறம் மெதுவாக, நண்டு நிலையில் இடுப்பு தரையில் படாமல், சிக்ஸ் ஸ்டெப். ஒரு பக்கம் வந்ததும் மறுபக்கம்.

சுழல்காற்று, "மூன்றே மாதம்" என்று எழுதியதற்கு இன்னும் பதில் வரவில்லை. உங்கள் முறைப்படி மூன்று மாதத்தில் சுற்றிய ஒரே ஒரு ஆளின் வீடியோவைப் போடுங்கள். பின்னணியில் பாட்டு ஓட வேண்டும்.

சுழல்காற்று:
நீங்கள் முதலில் உங்கள் விண்ட்மில்லைப் போடுங்கள்.

தொண்ணூறுகளின்பையன்:
என் கல்யாண வீட்டு வீடியோ இருக்கிறது, போடட்டுமா?

தரைதட்டி:
போடுங்கள் அண்ணே, பார்க்கிறேன். சுழல்காற்று, பேச்சை மாற்றாதீர்கள். கேட்டது வீடியோ.