ஜாஸ் மேடையும் முனைவர் பட்ட ஆய்வும் ஒருசேர நடக்குமா?

பெரம்பூர் சாக்ஸ்:
வணக்கம். பகலில் ஒரு கல்லூரியில் இசை கற்பிக்கிறேன். வார இறுதி இரவுகளில் நால்வர் குழுவோடு ஓட்டல்களில் ஜாஸ் சாக்ஸபோன் வாசிக்கிறேன். இப்போது பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிய எண்ணுகிறேன். ஆய்வில் இறங்கினால் வாசிப்பு துருப்பிடித்துவிடும் என்று குழுவினரும், நள்ளிரவுவரை வாசிப்பவருக்கு ஆய்வு எதற்கு என்று துறையினரும் சொல்கிறார்கள். இரண்டையும் நடத்திச் சென்றவர்கள் வழி சொல்லுங்கள்.

ராயபுரம் பியானோ:
இரண்டும் தனித்தனி வேலைகளாக இருக்கும்வரை ஒன்று மற்றதன் நேரத்தைத் தின்னும். கைக்குத் தெரிந்தும் வாய்க்குச் சொல்ல வராத ஒன்றை ஆய்வுக் கேள்வியாக எடுத்தால், ஒத்திகையே கள ஆய்வாகிவிடும். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வை இடையில் விட்டு, தாளத்தை உடல் எவ்வாறு உணர்கிறது என்பதை ஆராய்ந்து 1998இல் முனைவரானார். 2014இல் ஹார்வர்டில் பேராசிரியரான பிறகும் மேடையை விடவில்லை. டிராம்போன் கலைஞர் ஜார்ஜ் லூயிஸ், 1971இல் தாம் சேர்ந்த சிகாகோ இசைக்கலைஞர் சங்கத்தின் வரலாற்றையே 2008இல் நூலாக்கினார்.

உங்களுக்கும் கேள்வி அருகிலேயே இருக்கலாம். ஜாஸின் தாள நடையான ஸ்விங்கில் ஓர் அடியின் இரு பாதிகளும் சமமாக விழுவதில்லை. முதல் பாதி நீள, இரண்டாவது குறுகும், வேகம் கூடக்கூட அந்த வேறுபாடு குறையும். மிருதங்கமோ கானா டோலக்கோ வாசித்துப் பழகிய ஒருவர் டிரம்ஸில் அமர்ந்தால் அது எப்படி மாறுகிறது என்று ஒலிப்பதிவுகளை அளந்து பாருங்கள். (நானே எடுத்திருக்க வேண்டிய தலைப்பு.)

தண்டையார்பேட்டை டிரம்பெட்:
ராயபுரத்தார் சொல்வது சரி, ஆனால் அவர் காட்டியவர்களுக்கு வாய்த்த துறைகள் வேறு. இங்கே, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைப்படி, பகுதிநேர ஆய்வாளர் தாம் பணிபுரியும் நிறுவனத்தின் தடையின்மைச் சான்றைக் கொடுக்க வேண்டும். முதலில் அதை வாங்குங்கள். ஜாஸ் அறிந்த நெறியாளருக்காகக் காத்திருந்தால் வயதாகிவிடும். லயத்தில் ஆழ்ந்த கர்நாடக இசை நெறியாளர் இந்தத் தலைப்புக்குப் போதும். நான் ஆய்வுக்கான பாடவகுப்புகளில் இருந்த பருவத்தில் வெள்ளி இரவு வாசிப்புகளை நிறுத்தினேன், வருமானமும் குறைந்தது; ஆனால் விடியற்காலையில் ஒரு மணி நேரம் நீண்ட சுரம் பிடிப்பதை மட்டும் விடவில்லை. அதையும் விட்டிருந்தால் உதடு என் பேச்சைக் கேட்டிருக்காது.

பெரம்பூர் சாக்ஸ்:
இருவருக்கும் நன்றி. எங்கள் டிரம்ஸ்காரர் மிருதங்கத்தில் தொடங்கியவர்தான். இத்தனை ஆண்டுகள் அருகில் நின்று வாசித்தும் இந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமை ஒத்திகையைப் பதிவு செய்கிறேன்.