என் பிக்ஸ்சரை இன்னொரு பட்டறையில் பார்த்தேன்

ஓசூர் சிப்காட் பக்கம் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைச் செதுக்கும் விஎம்சி மெஷின் மூன்று போட்டு, கம்பெனிகள் தரும் டிராயிங்படி பார்ட் செய்துகொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறேன். என்டிஏ என்கிற ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் இங்கே பெரிய கம்பெனி டிராயிங் கைக்கு வராது. நானும் பத்துப் பதினைந்து போட்டிருப்பேன். ஒன்றையும் படித்ததில்லை.

ஒரு அலுமினிய பிராக்கெட் ஆர்டர். வைஸில் ஒவ்வொன்றாகப் பிடித்து இரண்டு செட்டிங்கில் ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒரே பிடியில் நான்கு பீஸ் ஓடுகிற மாதிரி நானே ஒரு பிக்ஸ்சர், அதாவது பீஸை மெஷினில் அசையாமல் பிடித்து வைக்கும் அமைப்பு, செய்தேன். நேரம் ஏறக்குறைய பாதியானது. கம்பெனியிலிருந்து வந்த பர்ச்சேஸ் ஆள் பார்த்துவிட்டு, "அண்ணா, சூப்பர்ணா, டிராயிங் மெயில் பண்ணுங்க" என்றார். பெருமையில் அன்று மாலையே அனுப்பிவிட்டேன்.

ஆறு மாதத்தில் ஆர்டர் பாதியாகிவிட்டது. அப்புறம் வேறு வேலையாக ஒரு பட்டறைக்குப் போனபோது அங்கே அதே பிக்ஸ்சர். என்னுடையதுதான் என்று எப்படித் தெரியும் என்றால், கையிலிருந்த துண்டு பிளேட் அளவு பத்தாமல் பீஸ் உட்கார வேண்டிய இடத்தைக் குறிக்கும் ஒரு லொகேட்டிங் பின்னை நான் கோணலாகத் தள்ளி வைத்திருந்தேன். புது பிளேட்டில் அதற்கு அவசியமே இல்லை. அந்தக் கோணலையும் சேர்த்தே எடுத்திருந்தார்கள்!

வக்கீல் ஒப்பந்தத்தைப் படித்தார். கம்பெனி எனக்குத் தரும் தகவலை நான் காக்க வேண்டும். நான் தருவதை அவர்கள் காக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. "மெயிலில் இது ரகசியம் என்று எழுதினீர்களா?" என்றும் கேட்டார். 'பிளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு' என்று மட்டும் எழுதியிருந்தேன். வணிக ரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை, 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 289ஆவது அறிக்கையில் ஒன்று கொண்டுவரலாம் என்று பரிந்துரைத்ததோடு சரி, அதனால் தாளில் இருப்பதுதான் பெரும்பாலும் உங்கள் பலம் என்றார். என் தாளில் ஒன்றும் இல்லை.

கிருஷ்ணகிரி, மாங்கூழ் ஆலை:
எங்களிடம் தாள் இருந்தது, ஆனால் தப்பான தாள். வேலையை விட்டுப் போகிறவர் மூன்று வருடத்துக்கு மாவட்டத்தில் எந்தக் கூழ் ஆலையிலும் சேரக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தோம். மேனேஜர் அடுத்த சீசனே பக்கத்து ஆலையில் சேர்ந்தார். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவுப்படி, வேலையை விட்ட பிறகு பிழைப்பைத் தடுக்கிற அந்த ஷரத்து செல்லாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆனால் எங்கள் ரகசியத்தைக் கொண்டுபோய்ப் பயன்படுத்தாதே என்று தடுக்க வழி இருக்கிறதாம்.

சரி, எது ரகசியம் என்று உட்கார்ந்து யோசித்தோம். பழுக்க வைப்பது, கூழ் எடுப்பது, சூடாக்கி, கிருமி நீக்கிய அசெப்டிக் பையில் அடைப்பது எல்லாம் இங்கே தெருவுக்கே தெரியும். பிரிக்ஸ், அதாவது கூழின் இனிப்பு அளவு, எவ்வளவு என்று அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டால் யாரும் சொல்வார்கள். எந்த வாங்குபவருக்குப் பெங்களூரா ரக மாங்கூழோடு அல்போன்சா ரகம் எவ்வளவு கலக்கிறோம், என்ன விலை, இதுதான் சரக்கு. அந்த ஃபைல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு இல்லாமல் கிடந்தது. நாங்களே பூட்டாததை ரகசியம் என்று கோர்ட்டில் எப்படிச் சொல்வது? நோட்டீஸ் அனுப்பியதோடு விட்டுவிட்டோம். இப்போது அந்த ஃபைல் இரண்டு பேரிடம்தான்.

தருமபுரியிலிருந்து:
ரகசிய ஒப்பந்தத்தை மீறினால் பத்து லட்சம் தர வேண்டும் என்று போட்டுவிட்டால் பயப்படுவார்கள் என்று நினைத்துத்தான் நானும் போட்டேன். அதே ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவில் அந்தத் தொகை உச்சவரம்புதான், நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும் என்றார்கள். ஓசூர் அண்ணா, இப்போது என்ன செய்கிறீர்கள்?

ஓசூர்:
இரண்டு பக்கமும் காக்க வேண்டும் என்று ஒரு பக்கத் தாள் எழுதி வைத்திருக்கிறேன். காட்டுவதற்கு முன்பே கையெழுத்து. டிராயிங் ஒவ்வொன்றிலும் ரகசியம் என்று முத்திரை. வாயால் சொன்னதையும் அன்றே மெயிலில் எழுதிவிடுவேன். போன மாதம் அதே பர்ச்சேஸ் ஆள் புது பார்ட்டுக்கு ஐடியா கேட்டார். தாளை அனுப்பினேன். "லீகலில் இருக்குதுண்ணா" என்கிறார், மூன்று வாரமாக.